அன்னபாக்கியத்தின் நிறம்

ஏப்ரல் 24, புதன்

பரீட்சைப் பேப்பர் கட்டைத் திருத்தி ஒப்படைத்தாயிற்று. இனி ஜூன் வரைக்கும் யாருக்கும் கணக்கு சொல்லித்தர வேண்டாம் என்று நிம்மதியாக வந்து செருப்பைக் கழற்றினால், போனில் அண்ணன் அனுப்பிய படம்.

தாம்பரத்தில் ஆல்பர்ட் அண்ணன் கட்டியிருக்கும் வீட்டுக்கு மே முப்பதாம் தேதி பிரதிஷ்டை; போதகர் வந்து ஜெபித்துத் திறந்துவைப்பார். ஹால் சுவரில் அம்மாவின் படம் நாலடி உயரத்துக்கு மாட்டப்போகிறானாம். பழைய கருப்பு வெள்ளைப் படம் ஒன்றை ஸ்டுடியோவில் கொடுத்துக் கலர் பண்ணச் சொல்லியிருக்கிறான். வந்திருப்பது ரோஸ்மில்க் நிறத்தில் ஒரு பெண்மணி. கன்னத்தில் சிவப்பு வேறு.

"இது யாரு, மதினியோட சித்தியா?" என்று எழுதிப் போட்டேன். உடனே கூப்பிட்டுவிட்டான்.

"கலர் பண்ணினா அப்படித்தான் வரும், எப்சி. நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. அம்மாவா இல்லையே."

"அம்மா சாகையில உனக்கு எட்டு வயசு. உனக்கு என்ன ஞாபகம் இருக்கும்?"

அது உண்மைதான். எனக்கு அம்மாவின் நிறம் ஞாபகமில்லை. ஆனால் ஊருக்கு ஞாபகம் இருந்தது. "அப்படியே அன்னபாக்கியம் கலரு" என்று என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்காத ஆள் எங்கள் தெருவில் கிடையாது. அந்த அன்னபாக்கியம் இந்த ரோஸ்மில்க்காக இருக்க முடியாது. இரண்டில் ஒன்றுதான் உண்மை.

அப்பா சரக்குக் கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவர். சிங்கப்பூரில் ஸ்லைடு ஃபிலிம் வாங்கி அம்மாவைப் படமாக எடுத்துத் தள்ளுவாராம். பெட்ஷீட்டைச் சுவரில் கட்டிப் போட்டுக் காட்டியது எனக்கே மங்கலாக நினைவிருக்கிறது. புரொஜெக்டர் போய்விட்டது. ஸ்லைடுகள் அவர் அலமாரியில்தான் இருக்கின்றன.

"ஸ்லைடுல இருந்து நான் எடுத்துத் தாரேன். அசல் கலர்ல" என்றேன்.

"எடு. ரெண்டையும் அப்பாட்ட காட்டுவோம். அவர் எதை அம்மான்னு சொல்லுதாரோ அது ஹால்ல. மத்தது பரண்ல. சரியா?"

அவன் முடிப்பதற்குள் சரி என்றுவிட்டேன். அப்புறம்தான் யோசித்தேன். அப்பாவுக்கு எண்பத்து நான்கு. சில நாள் வீட்டில் இருக்கிறார், சில நாள் கப்பலில் இருக்கிறார். நீதிபதியின் லட்சணம் அது. பரவாயில்லை.

ஏப்ரல் 29

ஸ்கேனர் வந்துவிட்டது. பழையதுதான், ஆனால் மூடியிலேயே விளக்கு இருக்கிறது. ஸ்லைடுக்கு அது அவசியம். ஒளி ஊடே போனால்தான் அதில் படம் தெரியும்.

முதல் படம். அம்மா கோயில் வாசலில் நிற்கிறாள். அம்மா, கோயில், வேப்பமரம் எல்லாமே இளஞ்சிவப்பு. பழைய ஃபிலிமில் சில சாயம் முதலில் வெளுத்துப்போகும், சில சாயம் தங்கும் என்று படித்தேன். 'தானியங்கி நிறத் திருத்தம்' என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன். மரம் பச்சையாயிற்று, வானம் நீலமாயிற்று, அம்மா சிவப்பாகிவிட்டாள். ஸ்டுடியோக்காரன் இதற்குள்ளேயும் உட்கார்ந்திருக்கிறான்! அந்தப் பொத்தானின் பக்கம் இனி போவதில்லை. ஒவ்வொரு நிறமாகக் கையால்தான் திருத்த வேண்டும்.

மதியம் அப்பாவுக்குக் கஞ்சி. புதினாத் துவையல் காரம் என்று முகம் சுளித்தார்.

மே 2

இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து திருத்தியது அத்தனையும் பாழ். ஏழு மணியானால் கண்ணுக்கு இதமாக என்று லேப்டாப் திரை தானாகவே மஞ்சளாகிவிடுமாம். அது தெரியாமல் நான் மஞ்சளைக் குறைத்துக் குறைத்து வைத்திருக்கிறேன். காலையில் திறந்தால் எல்லோரும் நீலம் பாரித்துக் கிடக்கிறார்கள். அந்த வசதியை அணைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து.

மே 4

இன்று கணக்கு டீச்சர் மூளை வேலை செய்தது. படத்தில் எது நிச்சயமாக வெள்ளை என்று தெரிகிறதோ, அதை வெள்ளை என்று சொல்லிக்கொடுத்தால் மற்ற நிறங்கள் தானாக இடத்துக்கு வந்துவிடும். ஒரு படத்தில் அப்பா கப்பல் யூனிஃபார்மில் அம்மாவின் பக்கத்தில் நிற்கிறார். பளீரென்ற வெள்ளைச் சட்டை. இதைவிட வெள்ளை என்ன வேண்டும்?

சட்டையைத் தொட்டு வெள்ளை என்றேன். எல்லோருக்கும் மஞ்சள் காமாலை வந்துவிட்டது.

அண்ணன் போன். "என்ன டீச்சர், கலர் வந்துச்சா?" என்றான். வரும் என்று சொல்லி வைத்தேன்.

மே 6

அப்பாவின் வேட்டிகளைத் துவைத்து, கடைசி வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தேன். வேட்டியை முக்கினேன். முக்கின கை அப்படியே நின்றுவிட்டது.

நீலம்! அந்தச் சட்டை வெள்ளையே இல்லை. நீலம் போட்ட வெள்ளை. நம் வீடுகளில் எந்த வெள்ளைத் துணிதான் நீலம் படாமல் கொடியில் ஏறியது? அதை வெள்ளை என்று நம்பி, இருக்கிற நீலத்தை எல்லாம் படத்திலிருந்து உறிஞ்சி எடுத்திருக்கிறேன். மிச்சம் மஞ்சள்தானே. ஈரக் கையோடு ஓடிவந்து லேப்டாப்பைத் திறந்தேன். வேட்டி வாளியில் கூடுதலாக ஊறித் திட்டுத்திட்டாக நீலம் பிடித்துவிட்டது. அப்பா அதைக் கட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரரிடம் என் குடித்தனப் பெருமையைப் பேசிக்கொண்டிருக்கிறார்.

மே 7

துணியை நம்பக் கூடாது. கல்லைத்தான் நம்ப வேண்டும்.

பின்கட்டில் எடுத்த படம் ஒன்றில், கோயிலுக்குக் கிளம்பிய அம்மா பச்சைப் புடவையில் விறைப்பாக நிற்கிறாள். ஓரத்தில் ஆட்டுக்கல்லும் குழவியும் தெரிகின்றன. அதே ஆட்டுக்கல் இன்றும் அங்கேயேதான் கிடக்கிறது. கருங்கல்லுக்குச் சாயமும் கிடையாது, வெளுப்பும் கிடையாது. குழவியைக் கழுவி, உலரவைத்து, தூக்கிக்கொண்டு வந்து ஜன்னல் பக்கம் லேப்டாப் அருகே மேசைமேல் நிறுத்தினேன்.

"மாவாட்டப் போறியா எப்சி, மேசையில வச்சு?" என்றார் அப்பா.

"ஆமாப்பா. அண்ணனை."

திரையில் இருக்கும் குழவியும் மேசையில் இருக்கும் குழவியும் ஒன்றாகும் வரை நகர்த்தினேன். ஒன்றாயின. புடவை பச்சை வந்தது. வாழை இலை வந்தது. அம்மாவின் கை, என்ன சொல்ல, கை மாதிரியே வந்தது. முகம் மட்டும் வரவில்லை. சாம்பல் பூத்துக் கிடக்கிறது.

மே 10

கையைச் சரிபண்ணினால் முகம் சாம்பல். முகத்தைச் சரிபண்ணினால் கை மஞ்சள் தடவினாற்போல. ஒரே ஆளின் கைக்கும் முகத்துக்கும் எப்படி இரண்டு கணக்கு?

மே 12, ஞாயிறு

கோயில், கறிக்குழம்பு, ஸ்கேனர். முகம் சாம்பல்.

எல்லாப் படத்திலும் இதே கதை. ஃபிலிம் கெட்டுவிட்டதோ என்று பார்த்தால், அப்பாவின் முகம், அண்ணனின் முகம் எல்லாம் சரியாக வருகிறது. அம்மாவுக்கு மட்டும் கெடும் ஃபிலிம் உண்டா?

மே 14

கண்டுபிடித்துவிட்டேன்.

சாயங்காலம் கூட வேலை பார்க்கும் ஹில்டா டீச்சரின் மகன் கல்யாண வரவேற்பு. நேரமாகிவிட்டது என்று அவசர அவசரமாகப் புடவையைச் சுற்றி, முகத்தில் பவுடரை அப்பி, கண்ணாடியில் பார்த்தேன். சாம்பல் முகம். கழுத்து ஒரு நிறம், கை ஒரு நிறம். கண்ணாடிக்குள் அந்த ஸ்லைடு நின்றுகொண்டிருந்தது.

குழவி சொன்னது சரி. ஸ்கேனர் சொன்னதும் சரி. நான்தான் ஒரு வாரமாகப் பவுடரின் அசல் நிறத்தை வைத்துக்கொண்டு அது தப்பு என்று மல்லுக்கட்டியிருக்கிறேன்.

முகத்தைக் கழுவிவிட்டு அப்படியே வரவேற்புக்குப் போனேன். "உடம்பு சரியில்லையா டீச்சர்?" என்று மூன்று பேர் விசாரித்தார்கள். நல்லாத்தான் இருக்கேன், இதுதான் நான் என்றேன். ஹில்டா பாவம், பயந்துவிட்டாள்.

மே 15

காலையில் அப்பா தெளிவாக இருந்தார். காப்பியோடு போய் உட்கார்ந்து கேட்டேன்.

"அப்பா, போட்டோ எடுக்கையில அம்மா எப்பவும் பவுடர் போடுவாளா?"

"லைட்டு பத்தாதுல்லா. மூஞ்சி விழாது."

"நடு வெயில்ல எடுத்திருக்கீங்களேப்பா."

காப்பியில் சீனி குறைவு என்றார்.

இதெல்லாம் கிருபை அத்தையின் வேலையாகத்தான் இருக்கும். அப்பாவின் அக்கா. அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, "கருப்பி" என்றுதான் கூப்பிடுவாள் என்று ஊரே சொல்லும். தம்பி பெண்டாட்டியைப் பவுடர் போடாமல் படத்தில் நிற்க விட்டிருக்க மாட்டாள். செத்துப்போன அக்காவை விட்டுக்கொடுக்க அப்பாவுக்கு மனசு வரவில்லை. அவர் அப்படிப்பட்ட மனுஷன். ஒருத்தரைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசமாட்டார்.

மே 16

கையின் நிறத்தை எடுத்து முகத்தில் பூசிப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் அரை மணி நேர வேலை. பொருந்தத்தான் செய்தது. அழித்துவிட்டேன். அண்ணன் வெள்ளையடித்தான், நான் கருப்படிக்கிறேன். அப்புறம் அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? எனக்கு வேண்டியது அம்மாவின் முகம். பவுடர் இல்லாமல் ஒரே ஒரு படமாவது இருக்காதா?

மே 17

இல்லை. எல்லா ஸ்லைடையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாயிற்று. கேமராவைக் கண்ட இடமெல்லாம் பவுடர். காய்ச்சலில் படுத்திருக்கும் படத்தில்கூடப் பவுடர்!

எனக்கும் ஒரு படம் எடுத்தார்கள், இருபத்து மூன்று வயதில், மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப. ஸ்டுடியோவில் நன்றாக வெளுத்துக் கொடுத்தார்கள். வந்தவர்கள் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். கேசரி நன்றாயிருக்கிறது என்றார்கள். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ரேஷன் கடையில் துவரம்பருப்பு வந்துவிட்டதாம். நாளைக்குப் போக வேண்டும்.

மே 18

துவரம்பருப்பு வாங்கப் போகவில்லை.

ரேஷன் கார்டைத் தேடி அப்பாவின் அலமாரியில் அடித்தட்டைக் கலைத்தபோது, நூல் சுற்றிய பிளாஸ்டிக் பை ஒன்று கிடைத்தது. மேலே அப்பாவின் கையெழுத்தில் 'வேஸ்ட்'. உள்ளே கழித்துப் போட்ட ஸ்லைடுகள். ஆடிப்போனவை, விரல் மறைத்தவை, பாதி இருட்டானவை. அவற்றுக்கு நடுவில் துல்லியமான படம் ஒன்று. இதை ஏன் கழித்தார் என்று விளங்கவில்லை. வெளிச்சக் கணக்கில் ஏதாவது திருப்தி இல்லாமல் இருந்திருக்கும். கப்பல்காரர்கள் எதிலும் ரொம்பச் சுத்தம் பார்ப்பார்கள்.

அம்மா ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்து மாவாட்டுகிறாள். புடவையைத் தூக்கிச் செருகியிருக்கிறாள். ஒரு கை குழவியில், மறு கை மாவில். யாரோ கூப்பிட்டுத் திரும்பிய மாதிரி நிமிர்ந்து, வாய்விட்டுச் சிரிக்கிறாள். நெற்றியெல்லாம் வேர்வை. முகத்தில் வேறு ஒன்றுமே இல்லை.

உடனே ஸ்கேனரில் வைத்தேன். மேசைமேல் குழவி ஏற்கனவே இருந்தது. படத்துக் குழவியை அதோடு ஒன்றாக்கினேன். அவ்வளவுதான் செய்தேன். கை, கழுத்து, முகம் மூன்றும் ஒரே ஆளாக வந்து உட்கார்ந்தன.

கருப்பு. மாநிறம் என்றெல்லாம் மழுப்ப வேண்டாம். நல்ல கருப்பு. கன்னத்தில் வெயில் பட்ட இடம் மினுங்குகிறது. என் கையைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எது அம்மா, எது நான் என்று பிரிக்க முடியவில்லை. ஐம்பத்து மூன்று வயதில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அழகாக இருக்கிறாள். இவ்வளவு அழகான ஒருத்தியின் நிறத்தைச் சொல்லியா என்னை அழவைத்தீர்கள்? எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துக் கேட்க வேண்டும் போலிருந்தது. பாதிப் பேர் செத்துவிட்டார்கள், தப்பித்தார்கள்.

மே 21

பிரிண்ட் போடப் போனேன். கவுண்டரில் இருந்த பையன் படத்தைப் பார்த்துவிட்டு, "முகத்தை மட்டும் கொஞ்சம் பிரைட் பண்ணிரவா மேடம்? அதுக்கு எக்ஸ்ட்ரா கிடையாது" என்றான்.

"தொட்டுப் பாரு. அந்த மெஷினைத் தூக்கி உன் தலையில போடுதேனா இல்லையான்னு."

தொடவில்லை என்று சத்தியம் செய்தான். ஆனாலும் வெளுத்துத்தான் வந்தது. மெஷினே முகத்தைக் கண்டால் வெளுக்குமாம், அது எல்லோருக்கும் பண்ணுவதுதானாம். எனக்குப் பண்ண வேண்டாம் என்றேன். அதை அணைக்கவைத்து, பக்கத்திலேயே நின்று, மறுபடி போடவைத்தேன். வாங்கிவந்து குழவிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் குடித்தேன்.

மே 26, ஞாயிறு

எந்தப் படம் என்று அண்ணனிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"ஆட்டுக்கல்லு பக்கத்துலயா? வேர்வையோடயா? நாலு பேரு வந்து போற ஹால்ல?"

"அம்மாதானே அது?"

"எப்சி, நான் சொல்லுதத கேளு. எனக்கு அப்ப பதினஞ்சு வயசு. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. கேமராவ எடுத்தா அம்மா எந்திரிச்சு உள்ள போயிருவா. மூஞ்சி கழுவி, பவுடர் போட்டு, வேற சேலை கட்டித்தான் வந்து நிப்பா. அவளுக்கே அப்படி நிக்கப் பிடிக்காது. அவளுக்குப் பிடிக்காதத நீ எதுக்கு மாட்டணும்? உன் கோவத்துக்கு அம்மாவ இழுக்காத."

போனை வைத்துவிட்டேன்.

மே 27

உறுத்துகிறது.

மே 28

இரவெல்லாம் அதே யோசனை. அம்மாவுக்கே பிடிக்கவில்லை என்றால் நான் யார்?

காலையில் படத்தை எடுத்து மறுபடி பார்த்தேன். இது பிடிக்காதவள் முகமா? ஒளியவில்லை, கையால் மறைக்கவில்லை. மாவுக்கையோடு சிரிக்கிறாள். இந்த ஒரு நிமிஷம் அவளை யாரும் உள்ளே அனுப்பவில்லை. அதை நம்பித்தான் போகிறேன். என் கோபத்துக்கு இழுக்கிறேனாம். ஆமாம், கோபம்தான். கோபப்படக் காரணம் இருக்கும்போது கோபப்படுவதில் என்ன தப்பு?

சட்டம் போட்டு வந்த படத்தைப் பழைய போர்வையில் சுற்றிக் கட்டியாயிற்று. அப்பாவின் மாத்திரை, ஃபிளாஸ்க், ஸ்வெட்டர் எடுத்துவைத்தாயிற்று. நாளைக்கு ரயில்.

மே 30, வியாழன்

காலையிலேயே வீடு நிறைந்துவிட்டது. ஷீலா மதினியின் சொந்தக்காரர்கள், சபை ஆட்கள். போதகர் வர இன்னும் நேரமிருந்தது. ஹால் சுவரில் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் சாய்த்து வைத்தோம். என்னுடையது இன்னும் போர்வைக்குள். அப்பாவை எதிரே நாற்காலியில் உட்காரவைத்தான் அண்ணன். பந்தயத்தைப் பற்றி எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான் போல. சுற்றி நின்றுகொண்டார்கள்.

"அப்பா, இது யாருன்னு சொல்லுங்க" என்று தன் படத்தைக் காட்டினான்.

அப்பா பார்த்தார். மரியாதையாகக் கையைக் கூப்பினார். "தோத்திரம்மா. உக்காருங்க" என்றார். பிறகு மதினியிடம் திரும்பி, "உங்க வீட்டு ஆளா?" என்று மெதுவாகக் கேட்டார்.

சிரிப்பு வெடித்தது. அண்ணனும் சிரித்துவிட்டான். நான் போர்வையை அவிழ்த்தேன்.

மதினியின் அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டாள். அப்பா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து முன்னால் சாய்ந்தார். முகம் மாறிற்று. குரலைத் தாழ்த்தி, பல்லைக் கடித்து, இத்தனை வருஷம் கூடவே இருந்தும் நான் ஒருநாளும் கேட்டிராத குரலில் சொன்னார்.

"ஏட்டி அன்னம், இப்படியேவா வந்து நிக்கே? ஆளெல்லாம் வந்திருக்கு. எத்தனை தடவ சொல்லுதது? போ. உள்ள போயி மூஞ்சியக் கழுவி பவுடர் போட்டுட்டு வா."

நான் ஜெயித்துவிட்டேன். அம்மா என்று அப்பா சொன்னாயிற்று. ஒரு சொட்டு சந்தோஷம் வரவில்லை. கிருபை அத்தை இல்லை. வெளிச்சம் பத்தாமல் இல்லை. அம்மாவுக்குப் பிடிக்காமலும் இல்லை. அண்ணனைப் பார்த்தேன். அவன் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றான். அம்மா எழுந்து உள்ளே போனது அவனுக்கு ஞாபகம் இருந்தது. யார் அனுப்பியது என்பதும் இப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும். கண்ணெல்லாம் கலங்கிவிட்டது அவனுக்கு.

இந்த மனுஷனுக்குத்தான் தினமும் கஞ்சி ஊற்றுகிறேன். நாளைக்கும் ஊற்றுவேன், அது வேறு. அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்தேன். காது மந்தம் என்பதால் சத்தமாகவே சொன்னேன். ஹால் முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

"அம்மா பவுடர் போட மாட்டா, அப்பா. இப்படித்தான் நிப்பா."

அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. அண்ணன் தன் படத்தை எடுத்து மூலையில் திருப்பி வைத்தான். சுத்தியலை வாங்கிக்கொண்டு ஸ்டூலில் ஏறினான். நான் படத்தைத் தூக்கிக் கொடுத்தேன்.

அப்பா உள்ளறை வாசலையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி, அம்மா எழுந்து உள்ளே போவாள் என்று காத்துக்கொண்டிருந்தார். அம்மா போகவில்லை.